மின்சாரம் போன பின்னும் பேசியவர்கள்



நான் படிப்பது பி.காம். வரவு, செலவு, ஐந்தொகை, தேய்மானம் என்று நாள் முழுக்கக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவன். அப்படிப்பட்டவன் திடீரென்று ரேடியோ, பேட்டரி என்று எழுத வந்துவிட்டானே என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் தென் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. பல ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு இருக்காது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சேர்ந்து பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். என் அத்தை வீடு ஏரலில். நாங்கள் இருப்பது சங்கரன்கோவில் பக்கம் ராயகிரியில். அப்பா ராத்திரி முழுக்கப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று அந்தப் பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அத்தை பேசினார். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்களாம். எல்லோரும் நலம். ஆனால் அந்த மூன்று நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு அத்தை ஒரு விஷயம் சொன்னார். முதல் நாள் ராத்திரி கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் செல்போனில் சிக்னல் இருந்ததாம். அப்புறம்தான் போனதாம். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. வெள்ளம் வந்தால் டவர் உடனே விழுந்துவிடுவதில்லை. டவருக்குக் கீழே இருக்கிற பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். சாலையே இல்லாதபோது டீசல் எப்படி வரும்? கடைசியில் தொலைத்தொடர்பு அறுந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் மின்சாரம்தான்.

அப்படியென்றால் மின்சாரமே இல்லாத இடத்திலிருந்து பேசியவர்கள் யாராவது உண்டா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஹாம் ரேடியோக்காரர்கள் அகப்பட்டார்கள்.

ஹாம் என்றால் யார்?

அமெச்சூர் வானொலி என்பதைத்தான் சுருக்கமாக ஹாம் ரேடியோ என்கிறார்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்கிய தனி மனிதர், தன் வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசலாம், கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தி கூட ஒரு ஹாம்தான், அவர் குறி வி.யூ.2 ஆர்.ஜி. இந்தியாவில் முதலில் உரிமம் பெற்றவர் கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்து, 1921-ல். இதை வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. வணிகவியல் மாணவனுக்குக் கொஞ்சம் வருத்தமான விஷயம்தான் :-)

இவர்கள் பயன்படுத்தும் சிற்றலைக்கு நடுவில் டவர் தேவையில்லை, கேபிள் தேவையில்லை. வானத்தில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இரண்டு முனையிலும் ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு ஆள் இருந்தால் போதும். ஆனால் மூன்றும் இருந்தும் ஒன்று இல்லையென்றால் எல்லாம் பெட்டிதான். அதுதான் மின்சாரம். ஹாம் ரேடியோவின் வரலாற்றைப் பேட்டரியின் வரலாறாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

காலால் மிதித்த மின்சாரம்

வால்வு ரேடியோ காலத்தில் இது பெரிய தலைவலி. ஒரு வால்வு வேலை செய்ய இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட், அதற்கும் மேல். வீட்டில் கரண்ட் இருந்தால் கவலை இல்லை. இல்லாத ஊரில் இரண்டு தனித்தனி பேட்டரி. எங்கள் தாத்தா சொல்வார், அந்தக் காலத்தில் ஊரில் ரேடியோ வைத்திருந்த வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் செங்கல் மாதிரி ஒரு பேட்டரிப் பெட்டி இருக்குமாம். அது தீர்ந்துவிடும் என்று பயந்து இலங்கை வானொலியை அளந்து அளந்துதான் கேட்பார்களாம். கேட்பதற்கே இந்தப் பாடு. பேசுவதற்கு, அதாவது ஒலிபரப்புவதற்கு, இன்னும் பல மடங்கு மின்சாரம் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு விடை கிடைத்தது. அங்கே உள்நாட்டுப் பகுதியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் கூட இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்கு எப்படித் தகவல் சொல்வது? ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல் விமானத்தில் டாக்டரை அனுப்பும் சேவையைத் தொடங்கினார். ஆனால் டாக்டரைக் கூப்பிட வழி வேண்டுமே! ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒரு ஜெனரேட்டர் செய்தார். காலால் மிதித்தால் சுமார் 20 வாட் மின்சாரம். கால் மிதித்துக்கொண்டிருக்க, கை மோர்ஸ் தந்தி அடிக்கும். 1929-ல் அந்தக் கருவிகள் வீடுகளுக்குப் போயின. மோர்ஸ் தெரியாதவர்களுக்காகப் பிறகு தட்டச்சு விசைப்பலகை மாதிரி ஒன்றையும் அவரே செய்து கொடுத்தார்.

20 வாட் என்பது இன்று நம் வீட்டு டியூப்லைட்டுக்குப் போகிற மின்சாரம். அதை வைத்து ஒரு கண்டத்தின் நடுப்பகுதிக்கே டாக்டர் வந்தார்.

அடுத்த கதை கடலில். 1947 ஏப்ரல் 28. பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து கான்-டிக்கி என்ற மரத் தெப்பத்தில் ஆறு பேர் பசிபிக் கடலில் கிளம்பினார்கள். 101 நாள் பயணம். தெப்பத்தில் இஞ்சின் கிடையாது. ஆனால் எல்.ஐ.2பி என்ற குறியோடு ஒரு ஹாம் நிலையம் இருந்தது. அதை இயக்கிய க்னுட் ஹாக்லாண்ட், டோர்ஸ்டைன் ராபி இருவரும் இரண்டாம் உலகப் போரில் நார்வேயின் ரகசிய ரேடியோக்காரர்கள். பேட்டரியும் கையால் சுற்றும் ஜெனரேட்டரும் கையிருப்பு. ஒலிபரப்பும் சக்தி சில வாட்தான். அமெரிக்காவில் இருந்த ஹாம்கள் அவர்கள் குரலைப் பிடித்து, வானிலைத் தகவல்களை அலுவலகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கூடாரம் போடும் திருவிழா

இதில் எனக்குப் பிடித்தது, ஹாம்கள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள் என்பதுதான். 1933-ல் அமெரிக்க ஹாம் சங்கம் 'ஃபீல்டு டே' என்று ஒன்றைத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு. ஹாம்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, வயல்வெளியில், மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து, மரத்தில் கம்பி கட்டி, பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ கருவியை ஓட்டி எத்தனை பேரைப் பிடிக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். இன்றும் நடக்கிறது.

பார்ப்பதற்குச் சுற்றுலா மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒத்திகை. எந்த வயர் மறந்துபோகும், எந்தப் பேட்டரி ஏமாற்றும், ஜெனரேட்டர் போடும் இரைச்சல் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் வயல்வெளியில் போய் நின்றால்தான் தெரியும். நம் ஊரில் கோயில் கொடைக்கு முந்தின வாரமே மைக் செட்டைப் போட்டுப் பார்ப்பதில்லையா? அந்த மாதிரி.

1960, 70-களில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததும் ஹாம்களின் வாழ்க்கையே மாறியது. 90 வோல்ட், 300 வோல்ட் எல்லாம் போய் எல்லாக் கருவிகளும் மெல்ல மெல்ல 12 வோல்ட்டுக்கு வந்து சேர்ந்தன. ஏன் 12? கார் பேட்டரி 12 வோல்ட் என்பதால்தான். இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் இல்லாத நாளில் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து கறுப்பு வெள்ளை டிவிக்குக் கொடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்த கதையை என் சித்தப்பா இன்றைக்கும் சொல்வார். அதே தந்திரம்தான். உலகத்தில் எங்கே வண்டி ஓடுகிறதோ அங்கெல்லாம் ரேடியோவுக்கும் மின்சாரம் உண்டு என்று ஆகிவிட்டது.

2004 டிசம்பர் 26

இந்த ஒத்திகை எல்லாம் எதற்கு என்று தெரிந்த நாள் அது.

அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்டதில்லை. உலக ஹாம்கள் எல்லோரும் எப்போது அங்கிருந்து ஒரு குரல் வரும் என்று காத்துக் கிடந்தார்கள். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அனுமதி பெற்று ஒரு குழுவை அனுப்பியது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத், குறி வி.யூ.2 ஆர்.பி.ஐ. போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் போட்டு, வி.யூ.4 ஆர்.பி.ஐ என்ற குறியில் உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எல்லாம் பொழுதுபோக்குதான்.

26-ம் தேதி காலை 6 மணி 29 நிமிடம். சுமத்ரா அருகே கடலுக்கடியில் 9.1 என்று சொல்லப்படும் அளவுக்குப் பூகம்பம். பிறகு சுனாமி. தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே தொலைபேசி செத்தது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே நாசமானது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல வழியில்லை.

பாரதி பிரசாத்தின் குழு பொழுதுபோக்கை அந்த நிமிடமே நிறுத்தியது. அதே கருவி, அதே ஆண்டெனா. இப்போது வேலை வேறு. மாவட்ட நிர்வாகத்துக்கும் தாய்நாட்டுக்கும் நடுவில் தகவல் போகும் பாதையாக அது மாறியது. இன்னாருடைய மகன் உயிரோடு இருக்கிறான், இன்ன இடத்துக்கு மருந்து வேண்டும் என்ற மாதிரிச் செய்திகள். குழுவிலிருந்து ஆட்கள் கார் நிக்கோபாருக்கும் போய் அங்கே ஒரு நிலையம் அமைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், கம்பமே சாய்ந்து கிடக்கும் தீவில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கும்? அங்கே போகிறவன் தன் மின்சாரத்தைத் தானேதான் சுமந்து போகவேண்டும்.

அதே நேரத்தில் இலங்கையில் இன்னொரு கதை. தெற்குக் கரையில் ஹம்பாந்தோட்டை அழிந்து கிடந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம்கள் பேட்டரியில் ஓடும் எளிய சிற்றலைக் கருவிகளோடு அங்கே போனார்கள். கொழும்பில் பிரதமர் இல்லத்தில் இருந்த அவசர மையத்தோடு அவர்களை இணைத்தது அந்தச் சிற்றலைதான். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் விக்டர் குணதிலக்க, குறி 4எஸ்7 வி.கே. கோடிக்கணக்கில் விலை போகும் ஏற்பாடுகள் நின்று போன இடத்தில் ஒரு பேட்டரியும் நீட்டிக் கட்டிய கம்பியும் பேசின.

1999 ஒடிசா சூப்பர் புயல், 2001 குஜராத் பூகம்பம் என்று அதற்கு முன்னாலும் இந்திய ஹாம்கள் இப்படிப் போய் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கருவி சின்னது, தேவை பெரியது.

இப்போது என் கணக்கு

இத்தனையும் படித்த பிறகு ஒரு சந்தேகம். ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? இது இயற்பியல் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் ரொக்கப் புத்தகம் எழுதத் தெரிந்தவனுக்கு இது சாதாரணம்.

பேட்டரிதான் கையிருப்பு. அதை ஆம்பியர்-மணி என்ற நாணயத்தில் அளக்கிறார்கள். 7 ஆம்பியர்-மணி என்றால் ஒரு ஆம்பியர் வீதம் ஏறக்குறைய 7 மணி நேரம் செலவழிக்கலாம். கம்ப்யூட்டர் யு.பி.எஸ். உள்ளே இருக்கிறதே, அந்தச் சின்னக் கறுப்புப் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிதான். ஆனால் ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். ஆகவே பாதி மூலதனம், தொடக்கூடாது. செலவுக்கு 3.5 மட்டும்.

செலவுப் பக்கம். ஒரு மணி நேரத்தில் 54 நிமிடம் கேட்கிறோம், 6 நிமிடம் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

5 வாட் சின்னக் கருவி: கேட்கும்போது 0.3 ஆம்பியர், பேசும்போது 1.2 ஆம்பியர் என்றால், கேட்க 0.27, பேச 0.12. மொத்தம் மணிக்கு 0.39. அப்படியென்றால் 3.5-ஐ வைத்துக் கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஓட்டலாம்.

100 வாட் பெரிய கருவி: கேட்கும்போது 1 ஆம்பியர், முழு சக்தியில் பேசும்போது 20 ஆம்பியர் என்றால், கேட்க 0.9, பேச 2. மொத்தம் மணிக்கு 2.9. சுமார் 1 மணி 12 நிமிடத்தில் கையிருப்பு காலி. அதுவும் ஏட்டுக் கணக்குதான். 20 ஆம்பியர் கேட்டால் அந்தச் சின்னப் பேட்டரி மூச்சு வாங்கி உடனே வோல்டேஜை இறக்கிவிடும்.

சரி, 100-க்குப் பதில் 5 என்றால் இருபதில் ஒரு பங்கு சக்திதானே, எதிர்முனைக்குக் கேட்குமா? இங்கேதான் ஆச்சரியம். சக்தி இருபதில் ஒரு பங்காகக் குறைந்தாலும், கேட்பவரின் கருவியில் முள் இரண்டு படி சொச்சம்தான் இறங்கும். அமைதியான அலைவரிசையில் நல்ல ஆண்டெனா இருந்தால் அது போதும். கான்-டிக்கிக்காரர்கள் பசிபிக் நடுவிலிருந்து சில வாட்டில் பேசிய ரகசியம் இதுதான்.

வரவுப் பக்கம். 20 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் ஒரு ஆம்பியர் தரும். நாலு மணி நேரம் நல்ல வெயில் என்றால் 4 ஆம்பியர்-மணி வரவு. சின்னக் கருவியைப் பத்து மணி நேரம் ஓட்டினால் 3.9 செலவு. வரவும் செலவும் சமம்! எங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சமா என்ன?

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளம் வரும் நாளில் வெயில் வராது. 2023 டிசம்பரில் அந்த நாட்களில் சூரியனைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. அதனால் வரவை நம்பாமல் கையிருப்பை நம்ப வேண்டும். ஒரு சாதாரண கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. பாதி எடுத்தால் 17.5. மணிக்கு 0.39 வீதம் சுமார் 44 மணி நேரம். வண்டியை ஸ்டார்ட் செய்யச் செய்யப்பட்ட பேட்டரி இப்படி அடிக்கடி இறங்கினால் கெட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆபத்துக்கு ஒரு முறை என்றால் யார் தேய்மானம் பார்க்கப் போகிறார்கள்?

44 மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு நாள். அத்தை மாடியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும்.

இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் வந்துவிட்டன. எடை குறைவு, பாதிக்கு மேலேயும் தாராளமாகச் செலவழிக்கலாம். மலையேறும் ஹாம்கள் அதைத்தான் பையில் போடுகிறார்கள். ஒரே எச்சரிக்கை, மலிவான இன்வெர்ட்டரும் சில சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்களும் ரேடியோவில் கரகரவென்று இரைச்சலைக் கிளப்பும். அதனால்தான் அனுபவசாலிகள் 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குகிற சுற்றுவழியில் போகாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கிறார்கள். நடுவில் எத்தனை தரகர் இருந்தாலும் அத்தனை கமிஷன் போகும். வணிகவியலில் முதல் பாடம்!

கடைசியாக...

மிதிவண்டி ஜெனரேட்டரிலிருந்து கார் நிக்கோபார் வரைக்கும் இந்த வரலாற்றில் நான் கண்டது ஒன்றுதான். ஆபத்தில் பேசியவர்கள் யாரும் அதிக மின்சாரம் வைத்திருந்ததால் பேசவில்லை. கொஞ்சமே இருந்தது, அதைச் சிக்கனமாகச் செலவழிக்க முன்பே பழகியிருந்தார்கள். பழகியது பேரிடர் நாளில் அல்ல. சும்மா இருந்த நாளில், கூடாரத்தில், பொழுதுபோக்காக.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டரி மட்டும் இருந்து பயனில்லை. ஏரலில் அத்தை தெருவில் ஒரு ஹாம் இருந்து, எங்கள் பக்கமும் ஒருவர் இருந்திருந்தால்தான் அப்பா அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பார். கருவியை விலைக்கு வாங்கலாம். உரிமம் வாங்கிய, பழகிய ஆளை வெள்ளம் வந்த பிறகு எங்கே போய் வாங்குவது?

அதனால்தான் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மின்னியல் பாடம் கொஞ்சம் படுத்துகிறது, ஓம் விதியைப் பேரேடு மாதிரி நினைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். எங்கள் மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். அங்கிருந்து ஒரு கம்பியை வேப்பமரத்துக்கு இழுக்கலாம் என்று இடம் கூடப் பார்த்துவிட்டேன். "காக்கா உட்காரத்தான் ஆகும்" என்றார் அம்மா. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சங்கரன்கோவில் போய் வந்தவர் ஒரு பழைய 7 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

பி.கு: வகுப்பு நண்பர்களுக்கு, உங்கள் வீட்டுப் பழைய யு.பி.எஸ். பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசு கொடுக்க முடியாது, கணக்குப் பாடம் சொல்லித் தருகிறேன்!